காப்பகச் சுவரில் மரம் வரைவதற்கு முன்

வீடற்றோர் காப்பகத்தில், அங்கே தங்கியிருப்பவர்களோடு சேர்ந்து சுவரோவியம் வரையப் போகிறவர்கள் முதல் நாளே செய்யும் தவறு ஒன்று உண்டு. முடிந்த வரைபடத்தோடு போய் நிற்பது. மரம், அருவி, பட்டாம்பூச்சி எல்லாம் தயார். கோட்டுக்குள் வண்ணம் நிரப்பத்தான் ஆள் வேண்டும். அதற்குப் பெயர் கூலியில்லாத பெயின்ட் வேலை.

இயற்கை என்றாலே நிம்மதி என்று நாமாக முடிவு கட்டுவதும் இதில் சேர்த்தி. ஜன்னலுக்கு உள்ளே இருந்து மழையை ரசித்தவருக்கும், போர்வை நனைந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தவருக்கும் மழை ஒன்றல்ல. இருண்ட காடு, பெருகி வரும் ஆறு போன்றவற்றை வரையும் முன் கேட்டுவிடுங்கள். “என்ன வரையலாம்?” என்று கேட்டால் “எதுவா இருந்தாலும் சரி” என்பார்கள். “காலையில் கண் விழித்ததும் எதைப் பார்த்தால் தேவலை?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கொல்லைப்புறத்துக் கொடியைச் சொல்வார். இன்னொருவர் வெறும் வானம் போதும் என்பார்.

அடுத்தது, ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதை மறப்பது. இன்று கிளை வரைந்தவருக்கு நாளை வேறு இடம் கிடைத்துவிடலாம். ஆறு வாரப் பயிற்சி, வருகைப்பதிவு என்று திட்டம் போட்டால் பாதியிலேயே கலைந்துவிடும். ஒரே அமர்வில் முடிகிற துண்டுகளாகப் படத்தைப் பிரியுங்கள்: ஒரு இலை, ஒரு மீன், ஒரு கூழாங்கல். மரம் இதற்கென்றே அமைந்த உருவம். நூறு பேர் நூறு விதமாக இலை போட்டாலும் அது மரமாகத்தான் இருக்கும்.

போட்ட இலையை அப்புறம் யாரும் தொடக்கூடாது. நரம்பு கோணலாகப் போயிருக்கிறது, பச்சை திட்டுத்திட்டாக இருக்கிறது என்று, வரைந்தவர் போன பிறகு ஓவியர் மெல்லிய தூரிகையால் ‘லேசாக’ சரிசெய்வார். மறுநாள் வரைந்தவர் வந்ததும் நேராகத் தன் இலையைத்தான் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். தூரிகையை மறுபடி எடுக்கவும் மாட்டார். என் கணக்கில் எல்லாவற்றையும்விட மோசமான தவறு இதுதான்.

சுவரைப் பார்க்காமல் வேலை தொடங்குவோரும் உண்டு. புது சிமென்ட் பூச்சை ஏறக்குறைய 28 நாள் ஆறவிட வேண்டும். உப்பு பூத்த சுவரில், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தால், மேலே போட்ட படம் பொருக்குப் பொருக்காக உதிரும். வெயில் விழும் சுவரில் மலிவான சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். காவி போன்ற மண் நிறங்கள் தாங்கும். டர்பன்டைன் கலக்கும் பெயின்ட் வேண்டவே வேண்டாம். இரவு அங்கேதான் எல்லோரும் தூங்கியாக வேண்டும். நீரில் கரையும் அக்ரிலிக், திறந்த ஜன்னல், பகல் நேரம்: இது போதும்.

சாரம் ஏற முடிந்தவர்தான் வரையலாம் என்றால் முதியவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1984இல் தொடங்கிய சுவரோவியத் திட்டத்தில் இதற்கு ஒரு வழி புழக்கத்தில் இருக்கிறது: பாராசூட் துணி எனப்படும் மெல்லிய துணியை மேசையில் விரித்து வரைந்து, பிறகு அக்ரிலிக் ஜெல் என்ற பசையைத் தடவிச் சுவரில் ஒட்டுகிறார்கள்.

புகைப்படம் எடுக்கும் அவசரமும் ஆபத்தானது. வன்முறைக்குத் தப்பி வந்தவரின் முகம் வெளியானால், அவர் இருக்கும் இடமும் தெரிந்துவிடும். கைகளை எடுங்கள், சுவரை எடுங்கள். முகமும் பெயரும் அவர் சம்மதித்தால் மட்டும். பெயர் வேண்டாம் என்பவர் இலையின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் போடட்டும்.

திறப்பு விழாவுக்குள் முடித்தாக வேண்டும் என்று கடைசிக் கிளை வரை நிரப்பிவிடாதீர்கள். ஒரு கிளையை மொட்டையாக விட்டு, மிச்சப் பெயின்ட்டை டப்பாவில் பெயர் எழுதி மூடி, காப்பகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அடுத்த வாரம் புதிதாக வருபவருக்கு ஒரு இலை போட இடம் வேண்டுமே.