முதலில் எடை, பிறகு துடைப்பம்

லேப்டாப்பில் சி டிரைவின் பட்டை சிவந்து நின்ற அன்று மீதமிருந்தது 2.9 ஜிபி. வாங்கும்போது 256 ஜிபி என்றுதான் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். விண்டோஸ் காட்டுவதோ 238. அந்த 18-ஐ யாரும் திருடவில்லை. வட்டு தயாரிப்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்று எண்ணுகிறார்கள். விண்டோஸோ 107 கோடிச் சொச்சம் பைட் சேர்ந்தால்தான் ஒரு ஜிபி என்று ஒப்புக்கொள்கிறது. ஒரு டிபி வட்டு 931 ஜிபியாகத் தெரிவதும் இதே கணக்கில்தான்.

நான் வீட்டில் இருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். குப்பை என்றதும் என் கண்ணுக்குப் பட்டவை பழைய வரைவுகள்தான். அன்று மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, சிலவற்றுக்கு வெட்கப்பட்டு, நானூற்றுச் சொச்சம் வேர்டு கோப்புகளை அழித்தேன். மூன்று மணி நேரம் போயிற்று. கிடைத்த இடம் 38 எம்பி. கைபேசியில் அரை நிமிடம் வீடியோ எடுத்தால் அது தீர்ந்துவிடும்.

மறுநாள்தான் வேறொன்று தட்டுப்பட்டது. என் கணவர் என்றோ மாற்றிவிட்ட பழைய ஐபோனின் காப்புப் பிரதி, 41 ஜிபி. அந்தக் கைபேசி இப்போது யாரிடம் இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவது வேறு, இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது வேறு. எழுத்துக் கோப்புகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் வட்டுக்கு வலிக்காது. பெயரே தெரியாத பத்துப் பதினைந்து பெரிய கோப்புகள்தான் அதை நிரப்புகின்றன. ஆகவே எதையும் அழிக்கும் முன் எடை பாருங்கள்.

எடை பார்ப்பது

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். அங்கே செயலிகள், தற்காலிகக் கோப்புகள், ஆவணங்கள் என்று பிரித்து அளவு போட்டிருக்கும். தொடக்கத்துக்கு இது போதும். ஆனால் 'மற்றவை' என்றொரு வரி இருக்கிறதே, வில்லங்கம் பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க இந்தப் பக்கம் அவ்வளவாக உதவாது.

அதற்கு விண்டர்ஸ்டாட், விஸ்ட்ரீ என்ற இரண்டு மென்பொருள்களில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு இரண்டும் இலவசம். விஸ்ட்ரீ வட்டின் கோப்புப் பதிவேட்டையே நேரடியாகப் படித்துவிடுவதால் சில நொடிகளில் முடித்துவிடும். விண்டர்ஸ்டாட்டின் பழைய பதிப்புகள் கோப்புறை கோப்புறையாக ஏறி இறங்குவதால் அதைவிட நேரம் எடுக்கும். எதுவானாலும் வலது கிளிக் செய்து நிர்வாகி உரிமையோடு திறவுங்கள். இல்லாவிட்டால் சில அறைகளின் கதவு உங்களுக்குத் திறக்காது, கணக்கும் இடிக்கும்.

இவை வட்டு முழுவதையும் ஒரு பெரிய செவ்வகமாக வரைகின்றன. ஒவ்வொரு கோப்பும் அதற்குள் ஒரு வண்ணக் கட்டம். கோப்பு பெரிதானால் கட்டமும் பெரிது. இந்த வகைப் படத்தை 1990 வாக்கில் யோசித்தவர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மேன். காரணம் நமக்கு வந்த அதே தலைவலிதான்: அவருடைய ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி வட்டு அடிக்கடி நிரம்பிக்கொண்டே இருந்தது, யார் கோப்பு அடைக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர்தான், சந்தேகம் மட்டும் அதே அளவு.

என் படத்தில் ஒரு மூலை முழுக்க ஒரே நிறத்தில் பொடிப் பொடியாக மின்னியது. கிளிக் செய்ததும் ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் கோப்புறைக்குள் கூட்டிப்போயிற்று. அதற்குள் மொபைல்சிங்க், அதற்குள் பேக்கப். உள்ளே இரண்டிரண்டு எழுத்துப் பெயர்களில் கோப்புறைகள். ஒவ்வொன்றிலும் எண்ணும் எழுத்தும் கலந்த 40 குறிகளைப் பெயராகக் கொண்ட கோப்புகள். பின்னொட்டு எதற்கும் இல்லை. படமா, பாட்டா, குறுஞ்செய்தியா, பார்த்தால் எதுவும் புரியாது. ஆப்பிள் தன் கைபேசிப் பிரதிகளை இப்படித்தான் வைக்கிறது.

புரியாத கோப்பைக் கண்டால் அழிக்கக் கை பரபரக்கும். இங்கே உள்ளே கை வைக்கவே கூடாது. ஒரு துண்டை எடுத்தாலும் முழுப் பிரதியும் உதவாமல் போய்விடலாம். ஐடியூன்ஸையோ ஆப்பிள் டிவைசஸ் செயலியையோ திறந்து, பிரதிகளின் பட்டியலில் தேதியைப் பார்த்து, அங்கிருந்தே நீக்க வேண்டும். அதற்கு முன் கணவரை அழைத்து, புதுக் கைபேசியில் அந்த வருடங்களின் படங்கள் இருக்கின்றனவா என்று உருட்டிப் பார்க்கச் சொன்னேன். "எல்லாம் இருக்கும், நீ அழி" என்றார். இருக்கும் என்பது எனக்குப் போதவில்லை. இருக்கிறது என்று சொல்லும்வரை காத்திருந்தேன்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஸ்டோரேஜ். படம் வேண்டுமென்றால் கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ். நோம் மேசைத்தளம் உள்ள லினக்ஸில் டிஸ்க் யூசேஜ் அனலைசர்.

புதிதாக எதையும் நிறுவ மனமில்லையா? எக்ஸ்ப்ளோரரின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைஸ் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, 'விடப் பெரியது' என்ற கணக்குக் குறியைப் போட்டு, 1ஜிபி என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். ஒரு ஜிபிக்கு மேற்பட்டவை மட்டும் வரிசைகட்டும். நேரமாகும், ஆனால் வரும்.

கை வைக்கக் கூடாத பெரியவர்கள்

எடை பார்த்ததும் முதலில் கண்ணில் படுபவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். பேஜ்ஃபைல் என்பது நினைவகம் போதாதபோது விண்டோஸ் கடன் வாங்கும் இடம், விட்டுவிடுங்கள். வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறை பயமுறுத்தும் அளவைக் காட்டும். அதிலுள்ள கோப்புகள் பலவற்றுக்கு வேறு கோப்புறைகளிலும் ஒரு பெயர் இருப்பதால், ஒரே கோப்பு இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது; உண்மையான எடை குறைவு. கையால் எதையாவது நீக்கினால் விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம்.

ஹைபர்ஃபில் மட்டும் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. கணினியை ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருப்பவை அப்படியே இருக்க மின்சாரம் இல்லாமல் உறங்கவைக்கும்போது, நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்கும் இடம் அது. வழக்கமாக அந்த நினைவகத்தின் (ராம்) அளவில் ஐந்தில் இரண்டு பங்கு. என்னுடையது 16 ஜிபி ராம், ஆகவே 6 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஹைபர்னேட் உங்களுக்குத் தேவையே இல்லை என்றால், கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஹெச்', இன்னோர் இடைவெளி, 'ஆஃப்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் கோப்பு தானே மறையும். விரைவுத் தொடக்க வசதியும் கூடவே போய்விடும். என் வட்டு வேகமான எஸ்எஸ்டி வகை என்பதால் எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை.

விண்டோஸ்.ஓல்டு, பெரிய மேம்படுத்தலுக்குப் பின் பழைய விண்டோஸைக் கட்டிவைத்த மூட்டை. திரும்பிப்போக மனம் மாறினால் தேவைப்படும் என்று 10 நாள் வைத்திருந்து, பிறகு விண்டோஸே நீக்கும். அதற்குமுன் இடம் வேண்டுமானால் ஸ்டோரேஜில் தற்காலிகக் கோப்புகள் பகுதியில் டிக் போட்டு நீக்கலாம்.

அதே பகுதியில் இன்னொரு வரியும் உண்டு: டவுன்லோட்ஸ். தற்காலிகம் என்ற தலைப்பின் கீழ் அதைக் கொண்டுவந்து உட்காரவைத்தவருக்கு யாருடைய டவுன்லோட்ஸ் கோப்புறையும் எப்படி இருக்கும் என்று தெரியாது போலும். என் ஒப்பந்தங்கள் பாதி அங்கேதான் கிடக்கின்றன. 'நீக்கு' என்பதை அழுத்தும் முன் அந்த வரியில் டிக் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

டவுன்லோட்ஸைக் கையால் சுத்தம் செய்வதே நல்லது, வேலையும் சின்னது. அளவு வாரியாக வரிசைப்படுத்தி மேலே உள்ள முப்பதை மட்டும் பாருங்கள். நிறுவி முடித்த மென்பொருள் பொதிகள், பிரித்தெடுத்த பிறகும் கிடக்கும் ஜிப்கள், ஒரே கோப்பின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று வளர்ந்த பிள்ளைகள். எனக்கு இருபது நிமிடத்தில் 17 ஜிபி கிடைத்தது. முந்தைய நாளின் மூன்று மணி நேரம் அப்போதுதான் உண்மையில் வலித்தது.

விண்டோஸின் அமைப்பு விவரங்கள் சேரும் பதிவேட்டை (ரெஜிஸ்ட்ரி) சுத்தம் செய்து கணினியைப் பறக்க வைக்கிறேன் என்று சொல்லும் செயலிகள் பக்கம் போகாதீர்கள். பதிவேடு முழுதுமே சிறியது, அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்ட்டே இவற்றை ஆதரிப்பதில்லை என்று சொல்லியிருக்கிறது.

படங்கள்

இங்கே அவசரம் ஆகாது.

எங்கள் வீட்டில் படங்கள் 'போன் படம்', 'போன் படம் புதிது', 'எல்லாம்', 'எல்லாம் கடைசி' என்று நான்கு கோப்புறைகளில் இருந்தன. கைபேசி நிரம்பும்போதெல்லாம் ஒருவர் மொத்தமாக நகல் எடுத்துப் போட்டதன் விளைவு. ஒரே படத்தின் இரட்டைகளைக் கண்டுபிடிக்க டூப்குரு, ச்காவ்கா போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. முதலில் அளவு ஒன்றாக உள்ள கோப்புகளைச் சேர்த்து, பிறகு உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, அச்சு அசலாக ஒன்றா என்று சொல்லும். பெயரை நம்பாதீர்கள், இரண்டு கைபேசிகள் ஒரே பெயரை இரண்டு வேறு படங்களுக்கு வைக்கும்.

தேடும் இடத்தை உங்கள் படக் கோப்புறைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சி டிரைவ் முழுக்கத் தேடவிட்டால் விண்டோஸுக்குள்ளும் செயலிகளுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் இரட்டைகள் வரும். அவை வேண்டுமென்றே அங்கே இருப்பவை.

வாட்ஸ்அப்பில் வந்த நகல் இந்த வலையில் சிக்காது. அது சுருக்கப்பட்டது, பைட் கணக்கில் வேறு கோப்பு. ஒத்த படங்களைத் தேடும் முறையில் வைத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அப்போது பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் நகலில் படம் எடுத்த தேதியும் இடமும் உரித்தெடுக்கப்பட்டிருக்கும். அசலில்தான் அவை இருக்கும். இப்படி 14 ஜிபி குறைந்தது. படங்களையும் வீடியோக்களையும் ஜிப் செய்து மிச்சம் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, ஜிப்பில் பெரிதாக ஒன்றும் குறையாது.

இனி என் அசட்டுத்தனம். 'குடும்பம்' என்றொரு கோப்புறை மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் இருந்தது, தங்கையோடு பகிர்ந்தது. படங்கள்தான் மேலே பத்திரமாக இருக்கின்றனவே, லேப்டாப்பில் எதற்கு என்று இங்கே அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். இரண்டு நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, பாட்டி படம் ஒன்றுகூடக் காணோமே, நீ ஏதாவது செய்தாயா?"

ஒத்திசைவு என்பதன் பொருள் அன்று புரிந்தது. இங்கே செய்வது அங்கேயும் நடக்கும். நல்லவேளையாக ஒன்டிரைவின் இணையப் பக்கத்தில் தனியாக ஒரு ரீசைக்கிள் பின் இருக்கிறது. தனிநபர் கணக்கில் 30 நாள் வைத்திருக்கும். அங்கிருந்து மீட்டேன். நான் செய்திருக்க வேண்டியது கோப்புறையின் மேல் வலது கிளிக், 'இடத்தை விடுவி' என்பதற்கான வரி. கோப்பு மேலே இருக்கும், இங்கே பெயரும் மேகச் சின்னமும் மட்டும் நிற்கும்.

அழித்த பிறகு

ரீசைக்கிள் பின்னில் உள்ளவை வட்டில்தான் இருக்கின்றன. காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். ஆனாலும் ஒரு வாரம் விட்டுவைக்கிறேன். அதற்குள் யாராவது எதையாவது தேடுவார்கள். பென் டிரைவில் அழிப்பவற்றுக்கு இந்தத் தவணை கிடையாது, ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே அழிந்துவிடும். எஸ்எஸ்டியில் காலி செய்த கோப்பை மீட்பு மென்பொருளால் எடுக்க முடியும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். டிரிம் என்ற ஏற்பாடு அந்த இடம் இனி வேண்டாம் என்று வட்டுக்குச் சொல்லிவிடுகிறது, வட்டு அதைத் துடைத்துவிடுகிறது.

கடைசியாக மிஞ்சியது என் மகனுடையது. வீடியோஸ் கோப்புறைக்குள் கேப்சர்ஸ். அவன் விளையாடும்போது திரையைப் பதிவுசெய்த காட்சிகள், 33 ஜிபி. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அடுத்தவர் கோப்பை நான் அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறேன். வெளிவட்டுக்கு நகல் எடுத்தபோது பெரிய கோப்புகள் ஏறவில்லை. அந்த வட்டு ஃபேட்32 அமைப்பில் இருந்தது; ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டால் அது ஏற்காது. காலி வட்டுதான் என்பதால் எக்ஸ்ஃபேட்டாக மாற்றி மறுபடி எடுத்தேன். இரண்டு பக்கமும் ப்ராப்பர்டீஸ் திறந்து கோப்பு எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றா என்று பார்த்து, நான்கைந்தை ஓட்டிப் பார்த்த பிறகே லேப்டாப்பில் இருந்ததை நீக்கினேன்.

இப்போது 114 ஜிபி காலியாக இருக்கிறது. தானே துடைக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியை இயக்கி, தற்காலிகக் கோப்புகளையும் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கடந்த சரக்கையும் மட்டும் அதனிடம் ஒப்படைத்திருக்கிறேன். டவுன்லோட்ஸுக்கு 'ஒருபோதும் வேண்டாம்'. வெளிவட்டின் மேல் மகன் பெயரை எழுதி அவன் மேசையில் வைத்து மூன்று வாரம் ஆகிறது. அது என்ன என்று அவன் இன்னும் கேட்கவில்லை.