குதிரைக்குப் போடும் வைக்கோல் மழையில் பூசணம் பிடிக்காமல் இருக்க

ஐப்பசி அடைமழைக்கு முன்னாடியே வைக்கோல் போரைத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கிவிடுங்கள். பழைய செங்கலை வரிசையாக வைத்து, வெட்டிப்போட்ட தென்னை மரத்துண்டுகளை மேலே குறுக்கே பரப்பினால் போதும், பெரிதாகச் செலவில்லை. நம்ம டெல்டா களிமண் ஒரு மழைக்கே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது அடிக்கட்டில் ஏறி, வெளியே பொன்னிறமாகத் தெரிந்தாலும் உருவிப் பார்த்தால் கறுத்து, தட்டினால் தூசியாகப் பறக்கும். அடியில் காற்று ஓடினால் அந்த ஈரம் ஏறாது. தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள், பக்கத்தில் இழுத்துக் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். மாட்டைவிடக் குதிரைக்கு இது ரொம்ப முக்கியம்: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, பூசண வைக்கோல் தின்றால் வயிற்றுவலியில் புரளும், தூசியால் இருமலும் வரும்.

குறுவை அறுப்பிலேயே நனைந்து வந்த வைக்கோலுக்கு இது உதவாது. போருக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் பிரித்துக் காயப்போடுங்கள், பூசணம் தெரிந்தால் எருக்குழிக்குத்தான்.