ஷெல்டன் பெஞ்சமின் "வீணாப்போட்டான்" எண்டு சொல்ல முதல் எதைப் பாக்கோணும், எப்பிடிப் பாக்கோணும்

கிளிநொச்சியிலயோ முல்லைத்தீவிலயோ ரெஸ்லிங் பாக்கிற நாலு பெடியள் ஒண்டாச் சேந்தா கட்டாயம் வாற கதை ஒண்டு இருக்கு, திறமை இருந்தும் மேல வராமப் போனவன் ஆர் எண்டு. அதில டபிள்யூடபிள்யூஈ எண்ட அமெரிக்க ரெஸ்லிங் கொம்பனியில இருந்த ஷெல்டன் பெஞ்சமின்ர பேர் வராம இருக்காது. பேர் வந்த உடன ஒருத்தன் "அவன் வீணாப்போட்டான்" எண்டுவான், மற்றவன் "அவனுக்கு மைக் பிடிக்கத் தெரியாதடா" (ரிங்கில நிண்டு சனத்தோட கதைக்கத் தெரியாது) எண்டுவான், அவ்வளவோட கதை வேற ஆளுக்கு மாறிடும். எனக்கு இது உண்மையிலயே மனவருத்தம். அந்தாளைப் போல ஒரு ஓட்டமும் பாய்ச்சலும் உள்ள ஆளை நான் ரிங்குக்குள்ள பிறகு காணேல்ல, அப்பிடியான ஒருத்தரை ரெண்டு வசனத்தில முடிச்சுவிடேலாது. அதால ஒழுங்கா எப்பிடிப் பாத்து ஒரு முடிவுக்கு வாறது எண்டு எழுதுறன், நேரம் இருக்கிற ஆக்கள் செய்து பாருங்கோ.

முதல்ல உங்களிட்ட எந்த வருசங்கள் இல்லை எண்டு பாருங்கோ. வன்னி ஆக்களுக்கு இது முக்கியம். 2002ல ஏ9 பாதை திறந்தாப் பிறகு வவுனியாவால வந்த சீடியளிலதான் எங்களில கனபேர் ரெஸ்லிங் பாத்தது, ஜெனரேட்டர் போட்டு, ஒரு வீட்டு விறாந்தை நிறைய ஆக்கள் இருந்து. 2006 ஆகஸ்ட்டில பாதை பூட்டினாங்கள், பிறகு இடம்பெயர்வு, 2009, முகாம், திரும்பி வந்து கூரை போட்டு கரண்ட் வந்து ரிவி வாங்கி நிமிர்ந்து பாக்கேக்க அந்தாள் கொம்பனியிலயே இல்லை, 2010 ஏப்ரலில விட்டுட்டாங்கள். வவுனியா டவுன் ஆக்களுக்கு இது அவ்வளவாப் பொருந்தாது, அவை தொடர்ந்து பாத்திருப்பினம். ஆனா எங்களுக்கு மனசில நிக்கிறது ஒண்டு 2005 சீடியில பறந்த பெடியன், இல்லாட்டி 2017க்குப் பிறகு போனில பாத்த வயசான ஆள். நடுவில நடந்தது தெரியாமத்தான் "வீணாப்போட்டான்" எண்டுறம். எது இல்லையோ அதை முதல்ல பாத்து நிரப்புங்கோ. நைட் டேட்டாவில இறக்கி வைச்சுப் பாருங்கோ, மூண்டு நிமிச துண்டு வீடியோவை நம்பாதேங்கோ, அதில பாய்ச்சல் மட்டும்தான் இருக்கும், பாய முதல் ஆள் என்ன செய்தவர் எண்டு இருக்காது.

அடுத்தது, பெல்ட்டை (சம்பியன் பட்டத்தை) எண்ணிக்கொண்டு இருக்காதேங்கோ. ரெஸ்லிங்கில ஆர் வெல்லுறது எண்டு முதலே முடிவு எடுத்துத்தான் ரிங்குக்குள்ள போறவை, அதால பெல்ட் எண்ணிக்கை எண்டது கொம்பனி ஒருத்தரை எவ்வளவு நம்பினது எண்டதுக்குத்தான் கணக்கு, திறமைக்கு இல்லை. ஓட்டப்போட்டியில முதலாவது வந்த பிள்ளை மாதிரி நினைச்சா எல்லாம் பிழைக்கும். ஒரு கொப்பியை எடுத்து மூண்டு விசயத்தை வேற வேறயா எழுதுங்கோ: ஆளின்ர கையில இருந்தது என்ன, கொம்பனி குடுத்தது என்ன, குடுத்துட்டுப் பறிச்சது என்ன. இந்த மூண்டாவதிலதான் ஷெல்டன்ர கதை முழுக்கக் கிடக்கு.

கையில இருந்ததில இருந்து தொடங்குங்கோ. ஆள் சும்மா உடம்பு காட்ட வந்தவர் இல்லை, மினசோட்டா பல்கலைக்கழகத்தில உண்மையான மல்யுத்தம் செய்தவர், பிறகு அங்கயே உதவிப் பயிற்சியாளராவும் இருந்தவர். அதே இடத்தில இருந்து வந்தவர்தான் ப்ரொக் லெஸ்னர், ரெண்டுபேரும் பயிற்சிக் காலத்தில ஒரு சோடியா ரிங்கில இறங்கினவை. உங்கட பக்கத்துப் பள்ளிக்கூடத்தில மல்யுத்தம் பழகிற தம்பியோ தங்கச்சியோ இருந்தா பக்கத்தில இருத்தி வைச்சு ஷெல்டன்ர பழைய மட்ச் ஒண்டைப் போட்டுக் காட்டுங்கோ. எதிராளின்ர ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கேக்க தலையை எங்க வைக்கிறார், இடுப்பை எவ்வளவு பதிக்கிறார் எண்டு அந்தப் பிள்ளையள் உடன பிடிச்சிடுவினம், எங்களுக்கு அது கண்ணில படாது.

இப்ப பாக்கிற ஒழுங்கு. 2002 டிசம்பரில ஸ்மாக்டவுனில (ஸ்மாக்டவுனும் ரோவும் கொம்பனின்ர ரெண்டு ரிவி நிகழ்ச்சியள்) கேர்ட் ஆங்கிள் எண்ட ரெஸ்லருக்குப் பக்கத்தில சார்லி ஹாஸோட வந்த காலத்தைக் கொஞ்சமாப் பாத்துட்டுக் கடந்து போங்கோ, நல்ல சோடி, ஆனா எங்கட கேள்விக்கு விடை அதில இல்லை. நேர 2004 மார்ச் 29 ரோவுக்கு வாங்கோ. ஆள் ரோவுக்கு மாறி வந்து ஒரு கிழமைதான், கொம்பனின்ர பெரிய நட்சத்திரமான ட்ரிப்பிள் எச்சை வெல்லுறார். அந்தக் காலத்து ட்ரிப்பிள் எச்சை ஒரு புதுப் பெடியன் விழுத்திறது எண்டா கொம்பனி "இவனை மேல கொண்டுபோகப் போறம்" எண்டு எல்லாருக்கும் சொன்ன மாதிரி. கொம்பனி குடுத்தது எண்ட பக்கத்தில இதைப் பெருசா எழுதுங்கோ.

பிறகு 2004 ஒக்டோபர் 19, டபூ டியூஸ்டே எண்ட நிகழ்ச்சி. இதை ஆரும் கதைக்கிறேல்ல, எனக்கெண்டா இதுதான் பெரிய சாட்சி. சம்பியனா இருந்த கிறிஸ் ஜெரிக்கோவோட ஆர் மோதோணும் எண்டு ரசிகர்மாரை வோட் போடச் சொன்னவை, சனம் ஷெல்டனைத் தெரிவு செய்தது, அவர் வெண்டு இன்டர்கொன்டினென்டல் பெல்ட்டை (உலக சம்பியன் பெல்ட்டுக்குக் கீழ்ப்படி) எடுத்தார். சனத்துக்குப் பிடிக்கேல்ல எண்டு ஆரும் சொன்னா இந்தத் திகதியைச் சொல்லுங்கோ.

அதுக்குப் பிறகு 2005 ஏப்ரல் 3, கொம்பனின்ர பெரிய வருடாந்த நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 21, முதலாவது மனி இன் த பாங்க் ஏணிச் சண்டை, மேல தொங்கிற பெட்டியை எடுக்கிறவருக்குப் பிறகு உலக சம்பியனோட மோத வாய்ப்பு. சத்தத்தைக் குறைச்சு, வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கோ. ஒரு ஏணியில ஜெரிக்கோ ஏறி நிக்கிறார், இன்னொரு ஏணி அதோட சரிவாச் சாத்திக் கிடக்கு. ஷெல்டன் ஓடி வாறார், ஏணியைக் கையால பிடிக்கேல்ல, சட்டத்துக்கு மேல சட்டமா காலாலயே ஓடி ஏறி உச்சிக்கு வந்து கையை வீசி ஜெரிக்கோவை விழுத்துறார். ஒரு கால் பிசகினா முழங்கால் போயிடும், ஆனா ஓடின வேகம் ஏணியில ஏறினாப் பிறகும் குறையேல்ல. இதைத் திருப்பித் திருப்பிப் பாருங்கோ, பிறகு அந்த மட்ச்சில இருந்த ஆறு பேரின்ர பேரையும் எழுதுங்கோ: எட்ஜ், ஜெரிக்கோ, பெனுவா, கிறிஸ்டியன், கேன், ஷெல்டன். மற்ற அஞ்சு பேரும் அதுக்கு முன்னமோ பின்னமோ உலக சம்பியன் ஆகினவை. அண்டைக்கு வெண்ட எட்ஜ் 2006 ஜனவரியில ஜோன் சீனாவை வெண்டு பெரிய பெல்ட்டை எடுத்தார். ஷெல்டன் மட்டும் இல்லை. அண்டைக்கு ஆளுக்கு வயசு 29, உடம்பு உச்சத்தில இருந்த நேரம்.

ஒரு மாசம் தள்ளி 2005 மே 2, ரோவில ஷோன் மைக்கல்ஸோட. தோத்த மட்ச்தான், ஆனா இதைப் பாக்காம விடக்கூடாது. கடைசியில ஷெல்டன் மேல் கயித்தை மிதிச்சு ரிங்குக்குள்ள பாயிறார், அந்தரத்தில வரேக்கயே ஷோன்ர கால் நாடியில வந்து விழுது. எல்லாரும் ஷோன்ர உதையைத்தான் சொல்லுவினம், நீங்கள் ஷெல்டனைப் பாருங்கோ, உதை வாறது தெரிஞ்சும் கையை மடக்காம, முகத்தைத் திருப்பாம, முழு நீளத்துக்கு வந்து விழுறார். ரெஸ்லிங்கில விழுறதும் ஒரு தொழில், எதிராளியைப் பெருசாக் காட்டத் தெரிஞ்சவன்தான் நல்ல ரெஸ்லர். ஆனா இப்பிடி விழத் தெரிஞ்சவனை விழுத்திக்கொண்டே இருப்பாங்கள் எண்டதும் உண்மை, எனக்குத் தெரிய ஷெல்டனுக்கு அதுதான் நடந்தது.

இனிப் பறிச்சது. 2005 ஜூன் 20, கார்லிட்டோ ரோவுக்கு வந்த முதல் நாள், அண்டைக்கே ஷெல்டனிட்ட இருந்து பெல்ட் போகுது. எட்டு மாசம் வைச்சிருந்த ஆளைப் புதுசா வந்தவரைத் தூக்கிவிடப் பாவிச்சது. அதுக்குப் பிறகு தொடர்ந்து தோல்வி, பிறகு 2006 தொடக்கத்தில "அம்மா" எண்டு ஒரு நடிகையைக் கூட்டிக்கொண்டு வந்து ரிங்குக்குப் பக்கத்தில நிப்பாட்டி, அம்மா சொல்லுக் கேக்கிற பிள்ளையாக் காட்டினவை. அந்த வேசத்தோடயே ரிக் ஃபிளேயரை வெல்ல வைச்சு அதே பெல்ட்டைத் திருப்பிக் குடுத்தவை, ஆனா ஒரு வருசத்துக்கு முதல் ஏணியில ஓடின மனுசனை இப்பிடிக் காட்டினா எந்தச் சனம் பிறகு பயப்படும்? எனக்கு இதை இப்ப பாத்தாலும் கோவம் வரும். இந்தப் பகுதியை முழுக்கப் பாக்கத் தேவையில்லை, ரெண்டு கிழமை எபிசோட் பாத்தாலே விளங்கும்.

2007 கடைசியில இருந்து முடிக்குப் பொன் நிறம் அடிச்சுக்கொண்டு "கோல்ட் ஸ்ராண்டர்ட்" எண்டு வந்ததைக் கட்டாயம் பாருங்கோ, நாங்கள் வன்னியில இடம்பெயர்ந்து கொண்டிருந்த காலம், எங்களில ஒருத்தரும் கண்டிருக்க மாட்டம். 2008 ஜூலை 20ல மாற் ஹாடியை வெண்டு யுனைடெட் ஸ்டேட்ஸ் பெல்ட் (இதுவும் கீழ்ப்படிதான்), 2009 மார்ச்சில எம்விபி எண்ட ரெஸ்லரிட்ட இழந்தார். திரும்பவும் எட்டு மாசம், திரும்பவும் அதுக்கு மேல ஒண்டும் இல்லை. நடை, பார்வை, கதை எல்லாம் மாறியிருக்கு, ஆள் தன்ர பக்கத்தால செய்யக்கூடியதைச் செய்து காட்டினதுக்கு இது சாட்சி.

மைக் கதையைச் சோதிக்கிறதுக்கு லெஸ்னரைப் பக்கத்தில வையுங்கோ. லெஸ்னர் 2002 மார்ச்சில வந்து அதே வருச ஆகஸ்ட்டில த ரொக்கை வெண்டு சம்பியன். அவர் பெரிய பேச்சாளரோ? இல்லை, அவருக்காகக் கதைக்க போல் ஹேமனைக் குடுத்தவை. ஷெல்டன் மைக்கில மட்டம்தான், நான் மறைக்கேல்ல, ஆனா 2005ல தனிய மேல வந்து கொண்டிருக்கேக்க அந்தாளுக்கு ஒரு வாயைக் குடுக்க ஒருத்தரும் நினைக்கேல்ல. 2020ல எம்விபி கதைக்க, லாஷ்லி பக்கத்தில நிக்க, செட்ரிக் அலெக்சாண்டரோட சேந்து டிசம்பரில ரோ சோடி பெல்ட்டை எடுத்தார் பாருங்கோ, வாய் ஒண்டு கிடைச்ச உடன ஆள் எவ்வளவு நிமிர்ந்து நிக்கிறார் எண்டு. அதையும் சில மாசத்தில உடைச்சுப்போட்டாங்கள்.

எல்லாத்துக்கும் காயம் காரணம் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். 2016ல திரும்பி வர இருந்ததைத் தோள்மூட்டுக் காயம் ஒரு வருசம் தள்ளிப்போட்டது உண்மை, ஆனா அப்ப ஆளுக்கு வயசு 41, எங்கட கேள்வி 29 வயசுப் பெடியனைப் பற்றினது.

முடிவு எழுதேக்க ஒரு மனுசன்ர முழுக் காலத்துக்கும் சேத்து வீண் எண்டு எழுதாதேங்கோ. எங்கட பக்கத்தில ஓட்டத்திலயும் பந்திலயும் கெட்டிக்காரனா இருந்த கனபேருக்கு 2006க்குப் பிறகு மைதானமே இல்லாமப் போனது, அவையை ஆரும் வீணாப்போனவை எண்டா எங்களுக்கு எவ்வளவு நோகும். காலத்தைக் குறிச்சு எழுதுங்கோ. என்ர கணக்கில 2004 ஒக்டோபரில இருந்து 2005 ஜூன் வரைக்கும்தான் அந்த வாசல் திறந்து கிடந்தது, பூட்டினது கொம்பனி. அதுக்குப் பிறகும் ஆள் ஜப்பானுக்குப் போய்ச் சண்டை பிடிச்சு, திரும்பி வந்து, 2023ல திரும்பவும் விட்டாப் பிறகு ஏஈடபிள்யூ எண்ட வேற கொம்பனிக்குப் போய் 2025 ஜனவரி 22ல லாஷ்லியோட சோடி பெல்ட் எடுத்தவர், வயசு 49. இந்த மட்ச்சை எல்லாத்துக்கும் கடைசியாப் பாருங்கோ, முதலே பாத்தா 2005ஐப் பாக்கேக்க வரவேண்டிய கோவம் வராது.

உங்கட முடிவு என்ரயோட பொருந்தேல்ல எண்டா பரவாயில்லை, திகதியைச் சொல்லிக் கதையுங்கோ. ஷெல்டனை முடிச்சாப் பிறகு இதே கொப்பியில மிஸ்டர் கெனடி எண்ட ரெஸ்லரை எடுங்கோ. 2007ல மனி இன் த பாங்க் வெண்டவர், தசை கிழிஞ்சிட்டுது எண்டு பிழையாச் சொன்னதால மே 7ல அந்தப் பெட்டியை எட்ஜிட்ட இழக்க வைச்சவை, பிறகு பாத்தா அவ்வளவு பெரிய காயமே இல்லை. அங்க மூண்டாவது பக்கத்தில எழுத வேண்டியது வேற, அதைச் செய்து பாத்தாத்தான் ஷெல்டனுக்கு நடந்தது எவ்வளவு வித்தியாசம் எண்டு விளங்கும்.