‘இது இயற்கை நியதி’ என்று ஒருவர் சொன்னால் அதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் ‘முறை’ என்ற சொல் இரண்டு இடங்களில் அன்றாடம் புழங்குகிறது. ஏரித் தண்ணீர் எந்த நாளில் யார் வயலுக்கு என்பதும் முறை. யாரை யார் கட்டிக்கொள்ளலாம் என்பதும் முறை. இரண்டைப் பற்றிய வழக்கிலும் யாராவது ஒருவர் ‘இயற்கையே இப்படித்தான்’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். அந்தப் பேச்சில் இயற்கை எவ்வளவு, மனிதர் வகுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். வாதிடுபவர் அப்போது எதிரில் இல்லாமலிருப்பது நல்லது.

முதலில், அந்த விதியை மீற முடியுமா என்று கேளுங்கள். கிருஷ்ணகிரி அணையிலிருந்து வாய்க்காலில் இறங்கும் தென்பெண்ணைத் தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றினாலும் ஈர்ப்பு விதி மீறப்படுவதில்லை, அதற்கு ஈடான ஆற்றல் செலவாகிறது; விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாமல் இருக்கலாம், ஆற்றல் இலவசமாவதில்லை. ஆனால், கடைமடைக்காரரின் முறை நாளில் தலைமடைக்காரர் இரவோடு இரவாக மடையைத் திறந்துவிட முடியும். அதனால்தான் அங்கே காவலும் அபராதமும் தேவைப்படுகின்றன. தண்டனை வைத்துக் காக்கப்படும் எந்த விதியையும் தாளில் ‘மனிதர் வகுத்தது’ என்ற பக்கத்தில் எழுதுங்கள். ஈர்ப்பு விதியை மீறியதாக யாரும் பஞ்சாயத்தில் நின்றதில்லை.

அடுத்து, அந்த விதிக்கு அடியில் ஏதேனும் இயற்கை உண்மை இருக்கிறதா என்று தேடுங்கள். இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் புளோரைடு மிகுதி. பல்லில் கறையும் எலும்பில் ஊனமும் அதனால் வருகின்றன, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகவே. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. புளோரைடு எலும்பில் படிவது இயற்கை விதி. ஆனால் 1.5-ஐத் தாண்டிய நொடியில் உடலில் எதுவும் திடீரென மாறுவதில்லை. பாதிப்பு படிப்படியாகத்தான் ஏறுகிறது. இயற்கை சரிவைத் தருகிறது, சட்டம் அதில் கோடு போடுகிறது.

மூன்றாவது கேள்வியில் சற்று நேரம் செலவிடுங்கள்: கோடு போட்ட இடமும் இயற்கை வேறுபடும் இடமும் ஒன்றுதானா? இதற்குத் திருமண முறையைவிட நல்ல பாடம் இல்லை. மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். சித்தி மகளும் பெரியப்பா மகளும் தங்கைகள், அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மரபணுக் கணக்கில் இந்த வேறுபாடு இல்லை. பாலினக் குரோமோசோம்களை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்த நால்வரில் யாரை மணந்தாலும், பிறக்கும் குழந்தையின் ஒரு மரபணுவுக்குரிய இரு நகல்களும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16-இல் 1. அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தால் அது 8-இல் 1. அதாவது, வழக்கம் அருவருப்புடன் விலக்கும் உறவைவிட, அது பந்தல் போட்டு நடத்திவைக்கும் உறவில், பரம்பரை நோய் வெளிப்பட இடம் தரும் இந்த வாய்ப்பு இரு மடங்கு.

சட்டமோ மூன்றாவது இடத்தில் நிற்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இவை அனைத்தையும் விலக்கப்பட்ட உறவுகளில் சேர்த்துவிட்டு, இரு தரப்பாரின் வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று விலக்கும் அளிக்கிறது. ஆகவே ‘முறைப்பெண்ணைக் கட்டுவது இயற்கை’ என்பவரும் சரி, ‘இந்த உறவுகளை இயற்கையே வகைபிரித்துவிட்டது’ என்பவரும் சரி, மரபணுவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. சொத்துப் பங்கும் பங்காளி உறவும் கொள்வினை கொடுப்பினையும் போட்ட கோடு அது.

அப்படியானால் பரிணாமத்துக்கு இங்கே வேலையே இல்லையா? உண்டு. சிறு வயதில் ஒன்றாக வளர்ந்தவர்களிடையே பாலீர்ப்பு மங்கிவிடுகிறது என்று பின்லாந்துச் சமூக அறிஞர் வெஸ்டர்மார்க் 1891-இல் எழுதினார். குழந்தைகள் ஒன்றாக வளர்க்கப்பட்ட இஸ்ரேலின் கூட்டுப் பண்ணைகளிலும், வருங்கால மருமகளைச் சிறு வயதிலேயே வீட்டுக்கு அழைத்து மகனோடு வளர்க்கும் தைவானின் குழந்தை மருமகள் திருமணங்களிலும் பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன. பரிணாமம் தந்தது இந்தச் சாய்வு மட்டுமே. சித்தி மகளையும் ‘தங்கச்சி’ என்று அழைக்கப் பழக்கி, அந்தச் சாய்வைக் கூடப் பிறக்காதவர் வரைக்கும் நீட்டியது நம் மொழி என்பது என் கருத்து.

நான்காவதாக, ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘இருக்க வேண்டும்’ என்பதற்கு யாராவது தாவுகிறாரா என்று கவனியுங்கள். அனுமன் மந்திக் கூட்டத்தைக் கைப்பற்றும் புதிய ஆண், முந்தைய ஆணுக்குப் பிறந்த குட்டிகளைக் கொல்வதுண்டு. இயற்கையில் நடப்பதெல்லாம் தகும் என்றால், பெண் சிசுக்கொலைக்கு எதிராக 1992-இல் சேலத்தில் தொடங்கி 2001-இல் தருமபுரிக்கும் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்துக்கு நியாயமே இருந்திருக்காது. இந்தத் தாவல் வீட்டுத் திண்ணையோடு நிற்பதுமில்லை. ‘தகுதியுள்ளதே பிழைக்கும்’ என்று ஆங்கிலேயத் தத்துவவாதி ஸ்பென்சர் 1864-இல் உருவாக்கிய சொற்றொடர் பரவிய காலத்தில், மனநலம் குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. இயற்கையைக் காட்டித் தியாகம் கேட்கும் மறுபக்கத்தாருக்கும் இதே கண்டிப்பைக் காட்டுங்கள்: தேனீ கூட்டுக்காக உயிரைக் கொடுக்கிறது என்பதால் மனிதன் ஊருக்காகக் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடாது.

கடைசியாக, எதிர்த்திசையிலும் ஒரு கோடு வரையுங்கள்: மனிதர் வகுத்த விதி இயற்கையை என்ன செய்கிறது? கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் எல்லோரும் ஒரே மருந்தையே பூக்கும் பருவந்தோறும் அடித்தால், அதைத் தாங்கும் தத்துப்பூச்சிகள் மட்டும் தப்பிப் பெருகும். அங்கே தேர்வு செய்வது நம் வழக்கம், தேர்வாவது பூச்சியின் மரபணு. எனவே ஒரு தடையையோ மானியத்தையோ எடைபோடும்போது, அது பாதிக்கும் உயிரின் தலைமுறை எவ்வளவு நீளம் என்பதைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பூச்சிக்கு அது வாரக் கணக்கு, மனிதனுக்கு ஏறத்தாழ 25 ஆண்டு. ஒரு சட்டத்தின் மரபணு விளைவைப் பூச்சியிடம் சில பருவங்களிலேயே பார்த்துவிடலாம். மனிதரிடம் அப்படிப் பார்த்துவிட்டதாக யாராவது சொன்னால், எத்தனை தலைமுறையில் என்று திருப்பிக் கேளுங்கள்.