விலை உயர்ந்த இத்தாலிய உணவகத்தில் தட்டு ஏமாற்றினால்

ரோமிலோ மிலானிலோ நல்ல பெயர் பெற்ற உணவகம், தலைக்கு எழுபது எண்பது யூரோ ஆகும் இடம். வந்த பாஸ்தாவோ குழைந்து கிடக்கிறது. அப்போது "பிடிக்கவில்லை" என்றால் பரிமாறுபவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். இன்னது கோளாறு என்று சொன்னால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். ஆகவே முதல் இரண்டு வாய்க்குள் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உலர் பாஸ்தா என்றால் கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளி தெரிந்தால் பதம் சரி. மாவு பல்லில் ஒட்டினால் வேகவில்லை. பல் படுமுன்னே மசிந்தால் அது 'ஸ்கோத்தா', அதாவது குழைந்தது. இத்தாலியில் இந்த ஒரு சொல் போதும், விளக்கம் தேவைப்படாது. முட்டை சேர்த்துப் புதிதாகப் பிசைந்த தாலியத்தெல்லே போன்றவற்றில் இந்தப் புள்ளியைத் தேடாதீர்கள், அவை இயல்பிலேயே மென்மையானவை. அளவு குறைவு என்றும் சண்டை போட வேண்டாம். அடுத்து இறைச்சியோ மீனோ வரும் என்ற கணக்கில், ஒருவருக்கு 80 முதல் 100 கிராம் உலர் பாஸ்தாதான் அங்கே வழக்கம்.

சாஸ் உப்பாக இருந்தும் பாஸ்தா சப்பென்று இருந்தால், வேகவைத்த தண்ணீரில் உப்பு போதவில்லை. 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது கணக்கு. மேலே தூவுகிற உப்பு நாக்கில் தனியாகத்தான் நிற்கும். புதிதாக வேகவைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கார்போனாரா என்ற பாஸ்தாவில் பதப்படுத்திய பன்றித் தாடை இறைச்சியான குவான்சாலே, பெகோரினோ சீஸ், முட்டை மஞ்சள் கரு, மிளகு, அவ்வளவுதான். ரோமில் கிரீம் ஊற்றித் தந்தால் அது குறுக்கு வழி. முட்டை பொரியலாகத் திரிந்திருந்தால், வாணலியை அடுப்பிலிருந்து இறக்காமலே கலந்திருக்கிறார்கள். மஞ்சள் கரு 65 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடும்.

சீஸும் மிளகும் மட்டும் சேர்த்த பாஸ்தாவான காச்சோ எ பேப்பே கெட்டுப்போனால், சீஸ் கட்டி கட்டியாக அடியில் தங்கி, மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். இதற்கும் சூடுதான் காரணம். ஏறக்குறைய அதே சூட்டில் சீஸின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மாவுச்சத்து அதைத் தடுக்கும். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் திரியாது என்று இத்தாலிய இயற்பியலாளர்கள் ஆய்ந்து சொல்லி, 2025இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசே வாங்கிவிட்டார்கள். ஆனால் நீங்கள் ஐந்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்து, அதனால் சாஸ் இறுகியிருந்தால் சமையல்காரரைக் குறை சொல்ல முடியாது.

ரிசோட்டோ என்ற குழைவான அரிசி உணவு வேக 16 முதல் 18 நிமிடம் பிடிக்கும். சொல்லி ஏழாவது நிமிடத்தில் வந்தால் பாதி வேக்காட்டை முன்பே முடித்து வைத்திருக்கிறார்கள். பல சமையலறைகளில் நடப்பதுதான், சரியாகச் செய்தால் தெரியாது. தவறினால் அரிசியின் வெளிப்புறம் கூழாகி, உள்ளே நறுக்கென்று இருக்கும். தட்டைச் சற்றுச் சாய்த்தால் அலைபோல் மெல்ல நகர வேண்டும். வெண்பொங்கலாகக் குவிந்து நின்றால், சமைத்தபின் காத்திருந்த தட்டு. புதிதாகக் கேட்கலாம், இருபது நிமிடம் பொறுக்க வேண்டும்.

மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சையான வெள்ளை ட்ரஃபிள், புதிதாக இலையுதிர்காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும்தான் கிடைக்கும். ஜூன் மாதத்தில் அந்த மணம் மூக்கைத் துளைத்தால் பெரும்பாலும் செயற்கை வாசனை சேர்த்த எண்ணெய். மேசையருகே சீவித் தந்தால், சீவுமுன்னும் பின்னும் எடை போடச் சொல்லுங்கள், விலை கிராம் கணக்கில் ஏறும்.

சைவக்காரர்களுக்கு ஒன்று: பார்மிஜானோ ரெஜானோ, கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது. ரிசோட்டோவுக்கு ஊற்றும் சாறும் பலவேளை இறைச்சிச் சாறு. இவற்றைத் தட்டு வந்தபின் கேட்டுப் பயனில்லை.

திருப்பி அனுப்புவதென்றால் இரண்டு வாயோடு முள்கரண்டியை வையுங்கள். முக்கால் தட்டைக் காலி செய்தபின் புகார் எடுபடாது. குரலை உயர்த்தாமல் இரண்டே வாக்கியம்: என்ன கோளாறு, உங்களுக்கு என்ன வேண்டும். மாற்றித் தர வேண்டுமா, பில்லிலிருந்து எடுக்க வேண்டுமா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். மாற்றி வந்ததும் அதே கதியென்றால் மூன்றாவது தட்டு கேட்காதீர்கள், நீக்கச் சொல்லி அடுத்ததற்குப் போங்கள்.

பல இடங்களில் பில்லில் 'கோபெர்த்தோ' என்று ஒன்று இருக்கும். இருக்கைக்கும் ரொட்டிக்கும் தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம், பெரும்பாலும் 1 முதல் 3 யூரோ, ஆடம்பர இடங்களில் கூடும். மெனுவில் அச்சிட்டிருந்தால் சாப்பாடு மோசம் என்று அதைக் குறைக்கச் சொல்ல முடியாது. மீனுக்கும் ஃபிளாரன்ஸ் பாணி மாட்டிறைச்சித் துண்டுக்கும் விலை 'எத்தோ' கணக்கில், அதாவது 100 கிராமுக்கு. 7 யூரோ என்று பார்த்து 1.2 கிலோ துண்டு வாங்கினால் 84 யூரோ. அடுப்பில் போடுமுன் எடையைக் கேளுங்கள். மெனுவில் பெயர் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பெரும்பாலும் உறைய வைத்த சரக்கு. மாற்றித் தந்த தட்டு பில்லில் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று பணம் எடுக்குமுன் பாருங்கள்.