தைல பாட்டிலை எங்கே வைக்கிறீர்கள்?

நீலகிரி தைலம், கிராம்பு எண்ணெய் இதெல்லாம் நம் வீடுகளுக்குப் புதுசில்லை. இப்போது டிஃப்யூசர் (வாசனை எண்ணெயைக் காற்றில் பரப்பும் கருவி) வாங்கியவர்கள் வீட்டில் லாவெண்டர், எலுமிச்சைப்புல், டீ ட்ரீ (தேயிலை இல்லை, ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் இலை எண்ணெய்) என்று இன்னும் நாலைந்து பாட்டில்கள் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அவை இருக்கும் இடம்? ஜன்னல் திட்டு, குளியலறை, இல்லையென்றால் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி. வெயிலும் சூடும் ஆகாத பொருளுக்கு இதைவிட மோசமான இடங்கள் கிடைக்காது. அதோடு, இவற்றில் சில சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும், அதனால் பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

காற்று இன்னொரு எதிரி. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்களில் பெரும்பகுதி லிமோனின் என்ற பொருள்தான், அது காற்றுபட்டுப் பழசானால் வாசனை மாறுவதோடு நிற்காது, புதிதாக இருந்தபோது ஒன்றும் செய்யாத அதே எண்ணெய் தோலில் அலர்ஜியைக் கிளப்பும். டீ ட்ரீயும் அப்படித்தான். பாதி தீர்ந்ததும் சின்ன பிரவுன் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, தேதி எழுதி ஒட்டி, இறுக மூடி வையுங்கள். காலி பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றினால் சில வகை பிளாஸ்டிக் இளகிவிடும், ரப்பர் டிராப்பரும் அதிலேயே கிடந்தால் பிசுபிசுத்துப் போகும். வெட்டிவேர், சந்தன எண்ணெய்கள் மட்டும் இவ்வளவு சீக்கிரம் கெடாது.

சரி, எண்ணெய் கெட்டால் காசோடு போகும். குழந்தை விஷயம் அப்படி இல்லை. இருமல் சிரப் இருக்கும் டப்பாவிலேயே தைலத்தையும் போட்டு வைக்கிறோமே, ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எடுத்தால் பாட்டில் மாறாது என்று என்ன நிச்சயம்? நீலகிரி தைலம் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு, மயக்கம் வரை போகலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சளி என்று கைக்குழந்தையின் மூக்கருகே தடவுவதும் கூடாது, மூச்சு திணறும்.

அப்புறம், வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெயை அதன் மேல் தடவவே வேண்டாம், பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது.