தேன் மெஷினுக்கு மோட்டர் பூட்டுவது எப்படி: வைப்பர் மோட்டரும் சைக்கிள் பிறீவீலும்

கையால் சுற்றும் தேன் மெஷின், அதாவது தொட்டிக்குள் வதைச் சட்டங்களைக் கூட்டோடு சுழற்றித் தேனைப் பிரிப்பது, உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். என்னுடையது நாலு சட்டம் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் தொட்டி. நடுத்தண்டிலிருந்து வதைக்கு 20 சென்ரிமீற்றர். தம்பலகாமத்தில் 12 பெட்டி வைத்திருக்கிறேன். தேன் எடுத்த அன்று இரவு தோளைத் தூக்க முடியாது.

மோட்டர் தேட முதல் வேகத்தை முடிவு செய்யுங்கள். சுற்று இரண்டு மடங்கானால் வதையை இழுக்கும் விசை நாலு மடங்காகும். என் தொட்டியில் நிமிடத்துக்கு 135 சுற்றில் தேன் தன் எடையைப் போல் 4 மடங்கு விசையில் இழுபடும். 195 சுற்றில் 8 மடங்கைத் தாண்டும், 300 சுற்றில் 20 மடங்கு. கம்பி கட்டி மெழுகுத்தாள் பதித்த இத்தாலியத் தேனீ வதை 300ஐத் தாங்கும். நம்முடைய தேனீ தானாகக் கட்டிய வெள்ளை வதை அதில் பிய்ந்து வலையில் அப்பிவிடும். 200க்குக் கீழே நின்றால் போதும்.

வோஷிங் மெஷின் மோட்டர் வேண்டாம். அது 1400க்கு மேல் சுற்றும். ஃபேன் ரெகுலேட்டர் போட்டுக் குறைத்தால் இரைந்து சூடேறும், இழுக்காது. ட்ரில்லும் வேண்டாம், மெதுவாக நெடுநேரம் ஓட அது செய்யப்பட்டதல்ல. என் தேர்வு வாகனக் கண்ணாடி துடைக்கும் 12 வோல்ற் வைப்பர் மோட்டர். திருகோணமலை அநுராதபுரச் சந்திப் பக்கம் பழைய சாமான் கடையில் எடுத்தேன். மெது வேகம் ஏறக்குறைய 45 சுற்று, கூடிய வேகம் 65. ஓட்டோ பற்றரியில் ஓடும், கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

மோட்டரில் 48 பல் சைக்கிள் சக்கரம், தொட்டித் தண்டில் 16 பல், இரண்டுக்கும் ஒரு செயின். மூன்று மடங்கு: 135, 195.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதலில் 16 பல் சக்கரத்தைத் தண்டோடு ஒட்டவைத்துவிட்டேன். வைப்பர் மோட்டருக்குள் இருப்பது புழுப் பல்லிணை. மோட்டர் அதைச் சுற்றலாம், வெளியிலிருந்து அதைச் சுற்ற முடியாது. சுவிட்சை நிறுத்தினேன். தேன் நிறைந்த சட்டக்கூடு சுற்றப் பார்க்கிறது, மோட்டர் விடவில்லை. 'டக்' என்றது. திறந்து பார்த்தால் வெள்ளைப் பிளாஸ்ரிக் சில்லில் நாலு பல் சீவியெடுத்த மாதிரிப் போயிருந்தது, கிறீஸுக்குள் துருவல். மேலே இரண்டு வதை நடுவில் வெடித்துக் கிடந்தன. ஒட்டவைத்த அந்த 16 பல் சக்கரத்துக்குப் பதிலாகச் சைக்கிள் பிறீவீலைப் பூட்டுங்கள். மோட்டர் நின்றாலும் சட்டக்கூடு 'கிறிச் கிறிச்' என்று தானாகச் சுற்றி ஓயும். பிறீவீல் ஒரு பக்கம்தான் பிடிக்கும். பூட்ட முதல் கையால் திருப்பிப் பார்த்து மோட்டரின் திசையோடு பொருத்துங்கள்.

ஓட்டும்போது முதல் பக்கத் தேனில் பாதியை 135 சுற்று வேகத்தில் இறக்குங்கள். சட்டத்தைத் திருப்பி மறுபக்கத்தை முழுதாக இறக்கி, மீண்டும் முதல் பக்கத்துக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் ஒரு பக்கத்தை முழுதாக எடுத்தால், உள்பக்கத் தேனின் பாரம் வதையை அமுக்கி உடைத்துவிடும். 195ஐக் கடைசி ஒரு நிமிடத்துக்கு, பழைய கறுத்த வதைக்கு மட்டும் வைத்திருங்கள். உச்சி வெயிலில் மெழுகு இளகும். நான் காலையிலேயே முடித்துவிடுவேன்.

பின்சேர்க்கை: மூதூரிலிருந்து ஒருவர், செயின் எண்ணெய் தேனில் சொட்டுகிறதே என்று கேட்டார். எனக்கும் சொட்டியது. செயினுக்குக் கீழே விளிம்பு மடித்த தகரத் தட்டொன்றைத் தொட்டியின் வாயை மறைத்துப் பூட்டினேன். இன்னொன்று: பல வைப்பர் மோட்டர்களின் உடம்பே நெகற்றிவ். பற்றரியின் பொசிற்றிவ் வயர் தொட்டியில் உரசாமல் இறப்பர்க் குழாய்க்குள் விட்டு, பற்றரிப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள்.